விழுவதைப் பிடிக்காதே

பின்பக்கம் தீயாய் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் சைக்கிள் சீட்டின் மேல் கழித்தவனுக்குத் திங்கட்கிழமை காலையில் நாற்காலியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சமையலறைச் சுவரில் தோளைச் சாய்த்து, தட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, நின்றபடியே தின்றான்.

"உட்கார்ந்து சாப்பிடுங்க. குதிரையா நீங்க, நின்னுக்கிட்டே திங்க?" என்றாள் மனைவி.

"நின்னு சாப்பிட்டா நல்லா செரிக்கும்."

"செரிக்கும், செரிக்கும். மருந்து வச்சிருக்கேன், அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினான். மருந்தைப் பார்த்துப் பார்த்துத் தடவினாள். முழங்கையில் புதுச் சிராய்ப்பு ஒன்று இருந்தது. முழங்காலில் போன வாரத்துக் காயம் இன்னும் ஆறவில்லை.

"இது என்ன?"

"பாலத்துக்கிட்ட ஒரு நாய் குறுக்கே வந்துடுச்சு."

"வாராவாரம் அதே நாயா? பாலம் வரைக்கும் போனதுக்கே இந்தக் கோலம். மலைக்கு அந்தப் பக்கம் போனா அவனுங்க உங்களை ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்களே போய், 'என்னை வெட்டிப் போட்டுடுங்கய்யா, உட்கார முடியலை'ன்னு கால்ல விழுவீங்க."

விஷயம் இதுதான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தப் பக்கத்து ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எல்லை வரை ரயிலில் போய், அங்கிருந்து அந்த நாட்டைக் குறுக்காகக் கடந்து கடற்கரை வரை சைக்கிளில் போவது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். அவன் பணக்காரனும் இல்லை, பைத்தியமும் இல்லை. கண்ணாடிக் கிடங்கில் கண்ணாடி தூக்குகிறவன்.

கடைமுகப்புக்குப் போகும் பெரிய கண்ணாடியைத் தனியாள் தூக்க முடியாது. ஒருவன் முன்விளிம்பைப் பிடிப்பான், இன்னொருவன் பின்விளிம்பை. முன்னால் போகிறவனை முன்கை என்பார்கள், பின்னால் வருகிறவனைப் பின்கை. முன்கை வழியைப் பார்த்து, "படி", "பள்ளம்", "இடது" என்று சத்தம் கொடுப்பான். பின்கை அந்தச் சத்தத்தை நம்பிக் காலை எடுத்து வைப்பான். அவன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கண்ணாடியும் முன்கையின் பிடரியும்தான். இவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பின்கை. ஆளின் பெயரே கிடங்கில் அதுதான் என்று ஆகிவிட்டது. முன்கை அவன் மனைவியின் அண்ணன்.

மச்சானின் பிடரியைப் பார்த்த அளவுக்கு அவன் தன் மனைவியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதில் ஒரு மச்சம் உண்டு. அந்த மச்சத்தில் முளைத்த ஒற்றை முடி எப்போது நரைத்தது என்பதுகூட அவனுக்கு மனப்பாடம். ஊரில் உள்ள பெரிய கட்டடங்கள் எல்லாவற்றுக்குள்ளும் போய் வந்திருக்கிறான், எதையும் பார்த்ததில்லை. "அந்தப் புது ஹோட்டல் உள்ளே எப்படி இருக்கு?" என்று மனைவி ஆசையாகக் கேட்டால், "உங்கண்ணன் முடி வெட்டியிருக்கான்" என்பான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் போனில் ஒரு படம் பார்த்தான். யாரோ ஒரு பெண் மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் தனியாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறாள். ரோடு நேராகப் போய் வானத்தில் முட்டுகிறது. அவளுக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அவன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஆபத்து, அழகு எதுவும் அவன் கண்ணில் படவில்லை. அந்த ரோட்டில் எவனுடைய பிடரியும் இல்லை என்பதுதான் பட்டது.

கிடங்கில் சொன்னதும் ஆளாளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"அங்கே தாகம்னு தண்ணி கேட்டா மயக்க மருந்து கலந்துதான் குடுப்பானுங்க" என்றார் கண்ணாடி வெட்டுகிற பெரியவர். "கண்ணு முழிச்சா ஒரு கிட்னி இருக்காது."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"நம்ம டிரைவர்தான்."

லாரி டிரைவரிடம் போய்க் கேட்டான். "ஆமாம்பா, சத்தியமான சங்கதி" என்றான் டிரைவர். "வெட்டுறவரே வாயால சொன்னாரு."

முதலாளிக்கு மட்டும் சொந்த அனுபவம் இருந்தது. "அந்த நாட்டுக்கு ஒருதடவை லோடு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தப்போ ஒரு கண்ணாடி முழுசா இல்லை. அவ்வளவு மோசமான ஜனங்க."

"அந்த லோடு கட்டினது யாரு முதலாளி?"

"அதை விடு" என்றார் முதலாளி.

திருடனுக்கென்று தனியாக ஒரு போன் வைத்துக்கொள்ள வேண்டும், வழிமறித்தால் அதை நீட்டிவிட்டு நல்லதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது டிரைவரின் யோசனை. கிடங்கே பரிதாபப்பட்டு வீட்டில் கிடந்த செத்த போன்களை எல்லாம் கொண்டுவந்து அவனிடம் கொட்டியது. ஒன்றில் பட்டன் இல்லை. ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். வெட்டுகிற பெரியவர் அவற்றைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "இதை வாங்குற திருடன் உன்னைப் பார்த்து அழுதுட்டு, அவன் போனைக் குடுத்துட்டுப் போவான்" என்றார்.

எல்லாம் சரி. மச்சான் மட்டும் பிடிகொடுக்கவில்லை. முதலாளி சொன்னது ஒரே வார்த்தை: "ரெண்டு மாசம் போகணும்னா போ. ஆனா உன் மச்சான் வேற ஆளோட தூக்கச் சம்மதிக்கணும்." கிடங்கில் ஜோடி மாறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒருவன் மூச்சு விடுவதை வைத்து இன்னொருவன் அடி எடுத்து வைக்கிற வேலை அது.

"என்ன மச்சான், சொல்லு" என்றான் பின்கை.

"என்னத்தைச் சொல்ல? எனக்குப் பின்னாடி எவன் வரான்னு தெரியாம நான் எப்படி நடப்பேன்?"

"ரெண்டே மாசம்."

"ரெண்டு மாசத்துல நான் செத்தா?"

"அங்கே சாகப்போறது நான்தானே, எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

"அதுவும் இருக்கு. என் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லணும்." மச்சான் கையுறையைக் கழற்றி உதறினான். "சரி மாப்ளே, ஒண்ணு செய். நீ கொண்டுபோற சாமான் மொத்தத்தையும் சைக்கிள்ல கட்டு. கிடங்கு வாசல் சரிவுல இறங்கி, தெரு முக்கு வரைக்கும் போய்த் திரும்பி வா. கீழே விழாம வந்துட்டேன்னா நான் எவன்கூட வேணும்னாலும் தூக்குறேன். விழுந்தா, இந்தப் பேச்சை அத்தோட விட்டுடணும்."

சனிக்கிழமை வேலை முடிந்ததும் சைக்கிளில் பாரம் கட்டினார்கள். கட்டியவர்கள் கண்ணாடிக்காரர்கள் என்பதால் அது கண்ணாடி லோடு மாதிரியே ஆனது. கூடாரத்தின் மூலைகளுக்கு அட்டை வைத்தார்கள். அடுப்பைச் சுற்றி வைக்கோல் திணித்தார்கள். எல்லாவற்றையும் படுக்கவைக்காமல் நிமிர்த்தி நிறுத்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, 'உடையும் பொருள், கவனம்' என்று ஒரு சீட்டும் ஒட்டினார்கள். முடிச்சுகளை இனி கத்தியால்தான் அவிழ்க்க முடியும். வேலை சுத்தமாக முடிந்தது என்று எல்லோரும் திருப்தியாக ஓரடி தள்ளி நின்று பார்த்தார்கள்.

சைக்கிள் மெல்லச் சாய்ந்தது.

சுற்றி நின்ற அத்தனை பேரும், முதலாளி உட்பட, ஒரே நேரத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் துள்ளினார்கள். சைக்கிள் மட்டும் தனியாக, யாருடைய தடையும் இல்லாமல், பொத்தென்று விழுந்தது.

"யாராவது பிடிக்கக்கூடாதா?" என்றான் பின்கை, தானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவன்.

தூக்கி நிறுத்தினார்கள். மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் எல்லோரும் துள்ளினார்கள். போலீஸ்காரன் துப்பாக்கி காட்டிய மாதிரி வரிசையாக நின்றார்கள். தெருவில் போன ஒரு அம்மாள் பயந்துபோய் எதிர்ப்பக்கம் மாறி நடந்தாள்.

ஒருவழியாக அவன் ஏறி உட்கார்ந்தான். பின்பக்கம் சுரீர் என்றது, பல்லைக் கடித்தான். சரிவில் இறங்கினான். கால்வாய் மூடியின் மேல் முன்சக்கரம் ஏறியதும் ஹேண்டில் ஒரு ஆட்டம் ஆடியது. அவ்வளவுதான். பின்கை ஹேண்டிலை விட்டான், இரண்டு கையையும் மேலே தூக்கினான், சீட்டிலிருந்து பின்பக்கமாகக் குதித்து ஒதுங்கினான். சைக்கிள் அவன் இல்லாமலேயே கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், பிறகு களைத்துப் படுத்துக்கொண்டது.

டிரைவர் தரையில் உருண்டு சிரித்தான். "உன்னைவிட அந்தச் சைக்கிள் நல்லா ஓட்டுதுப்பா!"

மச்சானும் சிரித்தான். பாதிச் சிரிப்பில் அவன் முகம் மாறியது. தங்கை சொல்லியிருந்த பாலத்து நாய் யார் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

கண்ணாடித் தொழிலில் முதலும் கடைசியுமான பாடம் ஒன்றுதான். விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக்கூடாது. கையை எடு, ஒதுங்கு, விழட்டும் விடு. பிடிக்கப் போனவர்களின் விரல்கள் எங்கே போயின என்று வெட்டுகிற பெரியவர் ஒவ்வொருவராகச் சொல்வார். புது ஆள் வந்தால் அவன் முன்னால் உடைசல் துண்டைக் கீழே போடுவார்கள். கை தானாகப் பிடிக்கப் போகும். போகும் கையில் பிரம்பால் ஒன்று விழும். கை போகாமல் நிற்கிற வரைக்கும் விழும். பின்கைக்கு அந்த அடிகளை அளந்து கொடுத்தவன் மச்சான். பாடம் எலும்பில் இறங்கிவிட்டது. இப்போது எது ஆடினாலும் அவன் கை விட்டுவிடுகிறது.

"விழுந்துட்டான். பேச்சு முடிஞ்சுது" என்று தங்கை வீட்டுக்கு வந்து சொன்னான் மச்சான். ஆனால் குரலில் வெற்றி இல்லை.

தங்கை அவனை விடவில்லை. "நீதானேண்ணே அடிச்சு அடிச்சு இப்படிப் பண்ணி வச்சே? நீயே சரி பண்ணு."

"உனக்கு அவன் போகணுமா?"

"போகவேணாம்னுதான் இருக்கு. ஆனா போகாம இருந்தா காலம் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவாரு. உனக்கென்ன, அவர் மூஞ்சியை நீ என்னைக்குப் பார்த்திருக்கே? பின்னாடிதானே நிக்கிறாரு. பார்க்கப்போறவ நான்."

மச்சான் தலையைச் சொறிந்தான். "சரி. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை ஓட்டட்டும். அதோட சரி."

மறுநாளிலிருந்து பாடத்தைத் தலைகீழாக நடத்தினான். பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று கரண்டியைக் கீழே போடுவான். பின்கை கையைத் தூக்கிக்கொண்டு துள்ளுவான். "பிடிடா மாப்ளே! பிடி!" செருப்பைப் போட்டான், சோப்பைப் போட்டான், சாப்பாட்டு டப்பாவைப் போட்டான். மனைவிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கதவைத் திறந்து அவன் உள்ளே வரும்போதே தலையணை பறந்து வந்தது. கரண்டிக்கு அவன் கை அசையாததைப் பார்த்த மச்சான், "இழப்பு இருந்தாத்தான் புத்தி வரும்" என்று முட்டைக்கு மாறினான். முதல் நாள் எல்லா முட்டையும் தரையோடு போயிற்று. வீடு முழுக்க நாற்றம். பிறகு ஒருநாள் ஒரு முட்டை பாதி வழியில் அவன் விரல்நுனியில் தட்டி உடைந்தது. மூவரும் கல்யாணம் நிச்சயமானது போலச் சந்தோஷப்பட்டார்கள்.

அதற்கப்புறம் கை மளமளவென்று திரும்பியது. எதைப் போட்டாலும் பிடித்தான். பார்க்காமலே பிடித்தான். கடைசிப் பயிற்சியாக மச்சான் ஒரு முட்டையை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டான். "நாள் பூரா இது உடையாம இருக்கணும். கிடங்கு வாசல்ல மட்டும் எடுத்து வெளியே வச்சுட்டு வா. மறந்துடாதே."

வெட்டுகிற பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. "இவன் கை இப்போ எதையும் பிடிக்கும். கண்ணாடியையும் பிடிக்கும். வேணாம்."

"கிடங்குக்குள்ள பிடிக்காதேன்னு சொல்லியிருக்கேன்" என்றான் மச்சான்.

"ஆளுகிட்ட சொன்னியா, கைகிட்ட சொன்னியா?"

வெள்ளிக்கிழமை காலையில் பின்கை வாசலுக்கு வரும்போது டிரைவர் ஹாரன் அடித்துக் கத்திக்கொண்டிருந்தான். அவசர லோடு, நகைக்கடை முகப்பு, கிடங்கிலேயே பெரிய கண்ணாடி. அவன் ஓடிப்போய்க் கையுறையை மாட்டி, பின்விளிம்பைப் பிடித்தான். முட்டையை மறந்தே போனான்.

மச்சான் முன்னால் போனான். மச்சம் தெரிந்தது, நரைமுடி தெரிந்தது. "படி." படி இறங்கினான். "ஷட்டர், குனி." ஷட்டர் பாதியில் சிக்கி நின்றிருந்தது. மச்சான் குனிந்து போனான். பின்கையும் குனிந்தான்.

சட்டைப் பையிலிருந்து முட்டை உருண்டு வெளியே வந்தது.

அவனுக்கு யோசிக்க நேரம் இல்லை. யோசித்தது கை. கண்ணாடியை விட்டது, கீழே பாய்ந்தது, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் முட்டையை அள்ளியது. இவ்வளவு அழகாக அவன் ஒருநாளும் பிடித்ததில்லை.

பின்மூலை தரையில் மோதிய சத்தம் கேட்டது. மச்சான் திரும்பிப் பார்த்தான். கண்ணாடியில் விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. மேல்பாதி சாய்ந்துகொண்டிருந்தது. அது சாய்ந்த இடத்தில் மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து முட்டையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான். மச்சான் அப்போது செய்ய வேண்டியது என்ன என்பது கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். கையை எடு, ஒதுங்கு, விழட்டும் விடு. அவன் கையை எடுத்தான். ஒதுங்கவில்லை. மாடு முட்டுகிற மாதிரி தலையைக் குனிந்து பாய்ந்து, மாப்பிள்ளையை இடித்துக்கொண்டுபோய் வைக்கோல் குவியலில் விழுந்தான். கண்ணாடி அவன் பின்னால் இறங்கியது.

தூசி அடங்கியபோது வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது.

"உடையலை மச்சான்" என்றான் பின்கை. "முட்டை உடையலை."

"மாப்ளே" என்றான் மச்சான், மூச்சு வாங்கிக்கொண்டு. "எனக்குப் பின்னாடி என்னமோ ஈரமா இருக்கு. என்னன்னு பாரு."

ஆஸ்பத்திரியில் மச்சானைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். பின்பக்கத்தில் ஒரு பக்கம் நீளமாகக் கிழித்திருந்தது. இன்னும் ஒரு விரல் ஆழம் போயிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர். தையல் போட ஊசியை எடுத்த நர்ஸ், "எதனால ஆச்சு?" என்று கேட்டாள்.

"முட்டையால" என்றான் மச்சான், தலையணைக்குள் இருந்து.

நர்ஸ் வெளியே நின்ற பின்கையைப் பார்த்தாள். அவன் கையில் இன்னும் அந்த முட்டை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நர்ஸ் ஊசியில் நூலைக் கோத்தாள்.

மனைவி ஓடி வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். முதலில் அழுதாள், பிறகு அடிக்கக் கையை ஓங்கினாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். "மலைக்கு அந்தப் பக்கம் போனா அறுத்துடுவானுங்கன்னு நான் தூங்காம கிடந்தேன். இங்கேயே அறுத்துக்கிட்டீங்களே, அதுவும் சொந்தத்துக்குள்ளேயே!"

முதலாளி கண்ணாடிக்காகக் கோபப்படவில்லை. கண்ணாடிக் கிடங்கில் உடைவது உண்டு. "ஆள் முழுசா இருக்கானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பின்கை படுக்கைக்குப் பக்கத்தில் நின்றான். "நான் போகலை மச்சான். கூட இருந்து உன்னைப் பார்த்துக்கிறேன். உனக்குச் சரியானதும் பழையபடி தூக்கலாம்."

"எதை வச்சுத் தூக்குவே?"

"கையை வச்சுத்தான்."

"அந்தக் கையை நான் கிடங்குப் பக்கம் சேர்க்கமாட்டேன்." மச்சானால் திரும்ப முடியவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினான். பின்கை வழக்கம்போல அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது கெட்டுப்போன கை. நான்தான் கெடுத்தேன். இன்னைக்குக் கண்ணாடியைப் பிடிச்சா நாளைக்கு உனக்கு விரல் இருக்காது. போ. அந்தக் கையை வச்சுக்கிட்டு சைக்கிள்தான் ஓட்ட முடியும். ஓட்டிட்டு வா. வந்தப்புறம் பிரம்பை எடுத்து முதல்லேர்ந்து அடிக்கிறேன்."

"உனக்கு எப்படி மச்சான்..."

"என்னை என் தங்கச்சி பார்த்துக்குவா. நீ இருந்தா ரெண்டு பேருக்குச் சமைக்கணும்."

"அப்போ அந்தப் பரீட்சை?"

"அது இருக்கு. அதை விடமாட்டேன்" என்றான் மச்சான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடங்கு வாசலில் எல்லோரும் கூடினார்கள். பாரத்தில் பாதியைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டாள் மனைவி. வைக்கோல் போயிற்று, அட்டை போயிற்று. செத்த போன்களை மட்டும் விட்டுவைத்தாள். திருடர்களுக்குச் சேர வேண்டியதில் கை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மச்சான் டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலை ஊன்றி நின்றான். முதலாளி நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நாற்காலியைப் பார்த்ததும் மச்சான் முகம் கோணியது.

"நின்னா நல்லா செரிக்கும்" என்றான் பின்கை.

"வாயை மூடிக்கிட்டு ஏறுடா."

ஏறினான். சரிவில் இறங்கினான். அவனுக்கு முன்னால் தெரு வெறிச்சென்று கிடந்தது. இடதுபக்கம் தையல் கடை இருந்தது, அதன் பலகை நீல நிறம். இத்தனை வருஷமாக இந்த வழியாகத்தான் கண்ணாடி தூக்கிப் போயிருக்கிறான், அது நீலம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"பள்ளம்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கால்வாய் மூடி. சக்கரம் ஏறியது, ஹேண்டில் ஆடியது. கை மேலே போகவில்லை. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தது. சைக்கிள் இரண்டு ஆட்டம் ஆடி நேரானது. பின்னால் டிரைவர் விசிலடித்தான். முக்குவரை போய்த் திரும்பி வந்தான். மச்சானுக்கு முன்னால் வந்து ஒரு காலை ஊன்றி நின்றான். எப்போதும் பிடரியைப் பார்த்தவன் நேருக்கு நேர் முகத்தைப் பார்த்தான். மச்சானுக்கு மீசையிலும் நரை விழுந்திருந்தது.

"வரேன் மச்சான்."

"வரணும்" என்றான் மச்சான்.

மனைவி கிட்டே வந்தாள். மருந்து டப்பாவை அவன் சட்டைப் பையில் திணித்து, பையின் வாயை ஊக்கு போட்டு மூடினாள்.

ரயில் நிலையத்து ரோட்டில் திரும்பும்போது சீட்டு அவனைக் கடிக்கத் தொடங்கியது. அவன் சற்றே எழும்பி, நின்றபடி மிதித்தான். பையில் செத்த போன்கள் கடகடத்தன. திருடனுக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் தயாராக இருந்தது. மச்சானுக்குக் கொடுக்க வேண்டியதுதான் அவனிடம் இல்லை. மச்சான் பின்பக்கத்தில் ஏழு தையல். அது பாக்கி.